கோப்புகளைத் தரவிறக்க, ‘கிராக்’ செய்த பிரீமியம் கணக்குகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதா?

பாதுகாப்பானது அல்ல. கோப்புப் பகிர்வுத் தளங்கள் இலவசப் பயனர்களுக்கு வேகத்தைக் குறைத்து, ஒரு கோப்புக்கும் அடுத்ததற்கும் இடையே காக்கவும் வைப்பதால், யாரோ ஒருவருடைய கட்டணக் கணக்கு கிடைத்தால் போதும் என்று பலர் தேடுகிறார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் ஆபத்தும் விளங்கிவிடும்.

‘கிராக்’ என்று சொன்னாலும், பெரும்பாலும் எவரும் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. வேறு தளங்களிலிருந்து கசிந்த மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் ஒரு நிரல் வரிசையாக இட்டுப் பார்க்கிறது. எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பவர்களின் கணக்குகள் திறந்துகொள்கின்றன. 2019 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ‘கலெக்‌ஷன் 1’ தொகுப்பில் 77 கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. அந்தத் தொகுப்பே ‘மெகா’ என்னும் கோப்புப் பகிர்வுத் தளத்தில்தான் ஏற்றப்பட்டிருந்தது என்பது தனி வேடிக்கை.

இன்னொரு வழி, தகவல் திருடும் தீம்பொருள், அதாவது கணினிக்குள் நுழைந்து கேடு செய்யும் நிரல். 2020 முதல் பரவி, 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறையும் பிற நாட்டு அமைப்புகளும் சேர்ந்து முடக்கிய ‘ரெட்லைன்’ இந்த வகையைச் சேர்ந்தது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் இத்தகைய நிரல்கள் அள்ளிச் செல்வதால், திருடியவர் பல தளங்களில் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலேயே நுழைந்துவிட முடியும்.

கணக்கைத் தேடுபவரே இந்தத் தீம்பொருளுக்கு எளிதான இரையாகிறார். இணையத்தில் பெயரும் கடவுச்சொல்லுமாக வெளிப்படையாகப் பதிவிட்ட கணக்கு, அவர் முயல்வதற்குள் பெரும்பாலும் செயலிழந்திருக்கும். ஆகவே அவர் கணக்குகளை உருவாக்கித் தருவதாகச் சொல்லும் ‘அக்கவுன்ட் ஜெனரேட்டர்’, அவை வேலை செய்கின்றனவா என்று சோதிப்பதாகச் சொல்லும் ‘செக்கர்’ என்ற பெயர்களில் வரும் நிரல்களைத் தேடிப் போகிறார். அவை பல நேரம் கடவுச்சொல் இட்ட சுருக்கக் கோப்பாக வருகின்றன. பூட்டிய கோப்பின் உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது என்பதே அதன் நோக்கம். திறந்தபின் எச்சரிக்கை வந்தாலும், “கிராக் என்றால் இப்படித்தான் காட்டும், ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்” என்ற குறிப்பு கூடவே இருக்கும். இவ்வளவு ஒத்துழைப்பு தரும் பயனர் வேறு எங்கும் கிடைப்பது அரிது. பிறருடைய கணக்கின் குக்கிகளை உங்கள் உலாவியில் ஏற்றி உள்நுழைவதற்கென்று நிறுவச் சொல்லும் உலாவி நீட்சிகளும் (எக்ஸ்டென்ஷன்) இதே அளவு ஆபத்தானவை. எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்க அனுமதி பெற்ற நீட்சி, உங்கள் வங்கிப் பக்கத்தையும் படிக்கும்.

எதையும் நிறுவாமல் வெறுமனே உள்நுழைந்தாலும் உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி அந்தத் தளத்தில் பதிவாகலாம். இந்தியாவில், பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகவோ நேர்மையின்றியோ பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம்.

இத்தகைய நிரலை ஏற்கெனவே இயக்கியிருந்தால், அந்தக் கணினியைத் தொடாமல் வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அடுத்து வங்கி, பிற கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள், ஏனெனில் திருடுபோன குக்கி கடவுச்சொல் மாறிய பின்னும் சில தளங்களில் செல்லுபடியாகும். கணினியில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு நம்புவதைவிட, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே நல்லது.