உப்பு குறைந்தாலும் ருசி குறையாத சாலட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கு ரத்த அழுத்தம். உப்பில்லாத சாலட் செய்து கொடுத்தால் "வைக்கோல் மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். என்ன செய்வது?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் சப்பென்றுதான் இருக்கும். அங்கே புளிப்பும் வாசனையும் வந்து உட்கார வேண்டும். நம்மில் பலர் தழையை மேலே தூவும் அலங்காரமாகவே நினைக்கிறோம். அதையும் ஒரு காயாகவே சேர்த்துப் பாருங்கள். இரண்டு கப் வெள்ளரி, தக்காளிக்கு ஒரு கப் முழுக்கக் கொத்தமல்லியும் புதினாவும் போடலாம். கொத்தமல்லியின் இளந்தண்டை எறியாதீர்கள், அதிலும் நல்ல வாசனை உண்டு.

அரைப் பல் பூண்டை நசுக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பூண்டின் பச்சைக் காரம் அடங்கிவிடும். அப்புறம் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் அப்போது பொடித்த மிளகும் சேர்த்து நன்றாக அடித்துக் கலக்குங்கள். பரிமாறும்போது உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலையோ எள்ளோ தூவினால், மெல்லும்போது ஒரு நிறைவு கிடைக்கும். நாக்கு குறைந்த உப்புக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அப்பா முகம் சுளித்தால் மனம் தளர வேண்டாம்.

ஒரு சிட்டிகை உப்புகூடப் போடக் கூடாதா?

மருத்துவர் அடியோடு தடுக்காவிட்டால் போடலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு தேக்கரண்டித் தூள் உப்பில் எட்டில் ஒரு பங்கு எடுத்தால், அதில் கிட்டத்தட்ட 300 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நான்கு பேருக்கான சாலட்டில் அது தலைக்கு 75தான். ஆனால் அதைக் கடைசி நிமிடத்தில் மேலாகத் தூவுங்கள். முன்பே கலந்தால் வெள்ளரி நீர் விட்டு, உப்பு அந்த நீரோடு கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். மேலே இருக்கும் உப்பு நேராக நாக்கில் படுவதால் கொஞ்சமே போதும்.

இந்துப்பு நல்லதாமே?

சோடியம் விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். உடலில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும்.

நான் உப்பே சேர்ப்பதில்லை. டப்பா கொண்டைக்கடலை, ஆலிவ், சீஸ், கொஞ்சம் சோயா சாஸ் மட்டும்தான்.

உப்பு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது! சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சாஸை விட்டுவிட்டு வினிகருக்கு மாறுங்கள். கடலையை வடித்து ஓடும் நீரில் அலசினால் அதன் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். உலர்ந்த கடலையை ஊறவைத்து நீங்களே வேகவைப்பது இன்னும் நல்லது. ஆலிவ், சீஸ் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் உள்ள சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும்.

நறுக்கிய புதினா கருத்துப்போகிறதே?

மழுங்கிய கத்தி இலையை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் கருமை வருகிறது. கூர்மையான கத்தியால் பரிமாறுவதற்குச் சற்று முன் நறுக்குங்கள், அல்லது கையால் கிள்ளிப் போடுங்கள். அதற்கு முன் இலையைத் துணியில் ஒற்றி ஈரம் போக உலர்த்துவது முக்கியம். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது, புளிப்பும் நீர்த்துவிடும். உப்பில்லாத சாலட்டில் இந்த இழப்பு உடனே தெரியும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். தழை சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பச்சைத் தழைகளில் வைட்டமின் கே உண்டு, அது மருந்தின் வேகத்தைக் குறைக்கும். ஒரு நாள் கட்டுக்கட்டாகச் சாப்பிட்டு மறுநாள் அடியோடு நிறுத்துவதுதான் சிக்கல். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். அளவைக் கூட்டப் போகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் மருந்தைச் சரிசெய்வார்.