நாய் வாயை மூடியபிறகும் பேசுகிறதா?

அண்ணே, திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்து பேசும் நாய்ப் படத்தைத் தமிழில் பார்த்ததையும், "வாயை மூடியபிறகும் நாய் பேசுதே" என்று ஆறு வயது மகள் பாதியிலேயே சலித்துக்கொண்டதையும் எழுதியிருந்தீர்கள். அடுத்த தடவை இங்கிலீஷ் ஷோ போகலாமா என்றால், வேண்டாம். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அவளால் படிக்க முடியாது. நீங்கள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தால் முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைப்பார்.

இந்த மாதிரிப் படங்களில் நிஜ நாயைப் படம்பிடித்து, வாய்ப்பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் மாற்றுவார்கள். 1995-ல் வந்த 'பேப்' (பன்றிக்குட்டிப் படம், நாய்களும் பேசும்) காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கரே வாங்கியது. அந்த அசைவெல்லாம் இங்கிலீஷ் வசனத்துக்கு அளவெடுத்தது. ப, ம வந்தால் உதடு ஒட்ட வேண்டும். டப்பிங்கில் அவை வேறு இடத்தில் விழும். தமிழ் வசனம் கொஞ்சம் நீண்டாலும், நாய் வாயை மூடியபிறகும் கடைசி வார்த்தை கேட்கும். குளோசப்பில்தான் இது உறுத்தும். நாய் ஓடும்போதோ முதுகைக் காட்டும்போதோ தெரியாது.

அடுத்து முழு அனிமேஷன் படமாகப் பாருங்கள். கார்ட்டூன் வாய் கொஞ்சம் பிசகினாலும் பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை. தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள்: யு என்றால் யோசிக்க வேண்டாம், யுஏ 7+ (ஏழு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது) என்றால் முதலில் நீங்கள் டிரெய்லர் பார்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் ஒட்டிய ஓரச் சீட்டு மட்டும் வேண்டாம்.