செப்பு என்று தேடினேன், வந்தது அலுமினியம்: இணையக் கடையிடம் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: நிலாவெளியில் இரண்டு அறைகளுடன் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். கிணற்று மோட்டார் பழுதாகிவிட்டதால் இணையக் கடை ஒன்றில் புதிது தேடினேன். அரைக் குதிரை வலு, செப்புச் சுருள், இரண்டு ஆண்டு உத்தரவாதம், உள்நாட்டு இருப்பு என்று நான்கு நிபந்தனைகளைத் தளத்தின் தேடல் வடிகட்டியில் (filter) தெரிவு செய்தேன். அப்படியிருந்தும் ஒரு குதிரை வலு மோட்டார், தோட்டக் குழாய், மீன் தொட்டிப் பம்பி என்று கேட்காததெல்லாம் வந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு, பெயரிலேயே '100% செப்பு' என்றிருந்த ஒன்றை 46,500 ரூபா கொடுத்து வங்கி அட்டையால் வாங்கினேன். உள்நாட்டு இருப்பு என்று சொன்னவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அனுப்பினார்கள். இரண்டு வாரப் பாவனையிலேயே மோட்டார் கைவைக்க முடியாதபடி சுட்டது. திருகோணமலை நகரில் மோட்டார் சுற்றுபவர் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது அலுமினியக் கம்பி என்றார். விற்பனையாளர், 'முத்திரை உடைந்துவிட்டது, ஏழு நாளும் கடந்துவிட்டது' என்கிறார். இணையத்தளமோ, 'வடிகட்டி ஓர் உதவி மட்டுமே, விவரங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்கிறது. பணம் செலுத்தி இரண்டு மாதமும் பத்து நாளும் ஆகின்றன. நான் என்ன செய்யலாம்? அந்தக் கடையின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். பொருள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் பணம் செலுத்திய நாளிலிருந்தே எண்ணுங்கள்; ஆபத்தில்லாத கணக்கு அதுதான். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. 'மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், சற்றுப் பொறுங்கள்' என்று வரும் குறுஞ்செய்திகள் இந்தக் காலக்கெடுவை ஒரு நாளும் நீட்டாது. நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும், பொறுமையாக இருந்ததாலேயே வாய்ப்பை இழந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வேதனையாக இருக்கிறது. இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

விடுதிக்காக வாங்கியதால் உங்களை நுகர்வோர் இல்லை என்று அவர்கள் சொல்லக்கூடும். அதற்கு அஞ்ச வேண்டாம். நம் சட்டம் நுகர்வோர் என்பதற்குத் தரும் பொருள் விரிவானது: விலைக்குக் கிடைக்கும் பொருளையோ சேவையையோ உண்மையில் பாவிப்பவரும், பாவிக்கக்கூடியவரும் அதற்குள் அடங்குவர். மோட்டாரை வாங்கி மறுபடி விற்பவராக நீங்கள் இருந்திருந்தால் வாதத்துக்கு இடமுண்டு. நீங்களோ அதைக் கிணற்றில் பூட்டித் தண்ணீர் இறைத்தவர்.

இனி வடிகட்டிக்கு வருவோம். இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இணையத்தளம் உங்களுக்கு அனுப்பிய பதிலில் பாதி சரி, பாதி தவறு.

வடிகட்டியில் நீங்கள் 'செப்பு' என்ற கட்டத்தைத் தொட்டது உங்கள் விருப்பத்தின் வெளிப்பாடு. அது மட்டும் ஒப்பந்த நிபந்தனையாகிவிடாது. கடைக்குள் நுழைந்து 'செப்பு மோட்டார் இருக்கிறதா' என்று கேட்பதோடு அதை ஒப்பிடலாம். கடைக்காரர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, 'இது செப்பு' என்று சொல்லும்போதுதான் சட்டம் விழித்துக்கொள்கிறது. உங்கள் விடயத்தில் அந்த வாக்குறுதி பொருளின் பெயரிலும் விவரப் பக்கத்திலும் எழுத்தில் இருக்கிறது. 1896ஆம் ஆண்டிலிருந்து நம்மிடமுள்ள பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரிப்பை நம்பி நடக்கும் விற்பனையில் பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே உள்ளடங்கிய நிபந்தனையாக வைத்திருக்கிறது. கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல் திரையில் வாசித்ததை நம்பி வாங்கும் ஒவ்வொரு கொள்வனவும் விவரிப்பை நம்பிய கொள்வனவுதான். ஆகவே விற்பனையாளருக்கு எதிரான உங்கள் வழக்கு வலுவானது. வடிகட்டி இல்லாமலே அது நிற்கும்.

ஏழு நாள் என்ற அவர்களின் விதி, மனம் மாறித் திருப்பி அனுப்புபவருக்குப் பொருந்தலாம். விவரிப்புக்கு மாறான பொருளைக் கொடுத்தவர் அந்த விதியின் பின்னால் ஒளிய முடியாது. இப்படிப் பொறுப்பை உதறித்தள்ளும் வாசகங்கள் நியாயமானவையா என்று பார்க்க 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இடம் தருகிறது. மோட்டாரின் உடலுக்குள் இருக்கும் கம்பியின் உலோகத்தை ஏழு நாளில் வெளியிலிருந்து கண்டுபிடிக்க எந்த வாங்குநராலும் முடியாது. அதை உங்கள் கடிதத்தில் இதே வார்த்தைகளில் எழுதுங்கள்.

ஒரு கவனம் மட்டும் தேவை. குறையை அறிந்த பிறகும் பொருளைத் தொடர்ந்து பாவித்தால், அதை ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். மோட்டாரை இன்றே கழற்றி வையுங்கள். இரவல் மோட்டாராவது எடுத்து விடுதியின் தண்ணீர்த் தேவையைச் சமாளித்துக்கொள்ளுங்கள். 'விவரிப்புக்கு முரணானதால் இப்பொருளை நிராகரிக்கிறேன், வந்து எடுத்துச் செல்லலாம்' என்று விற்பனையாளருக்கும் இணையத்தளத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

முத்திரை உடைந்தது பற்றி: அதனால் உங்கள் உரிமை அழிந்துவிடவில்லை, ஆனால் சான்றை இப்போது நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். நீங்களே உள்ளே எதையோ மாற்றினீர்கள் என்று நாளை சொல்வார்கள். மோட்டார் சுற்றியவரிடம் போய், அவருடைய கடைக் கடிதத்தாளில் திகதி, மோட்டாரின் மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், தாம் கண்டது ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். அலுமினியக் கம்பியின் மேலுள்ள மெருகுப் பூச்சு செம்மஞ்சளாக இருப்பதால் புகைப்படத்தில் செப்பு போலவே தெரியும். ஆகவே கம்பியின் ஓரிடத்தைச் சுரண்டி, உள்ளே வெள்ளை உலோகம் தெரியும்படி, தொடர் இலக்கத் தகடும் அதே படத்தில் விழுமாறு எடுங்கள். அலுமினியத்தின் அடர்த்தி செப்பின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. மின்கடத்து திறனும் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதே தடிப்புள்ள கம்பியை வைத்தால் சூடு ஏறத்தான் செய்யும். அதிகாரிக்கு இதை இரண்டு வரியில் விளக்கினால் போதும். இதற்கு மேல் யாரும் மோட்டாரைத் திறக்க வேண்டாம்.

பொருளின் பக்கத்தை இன்னும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை என்றால் இந்தப் பதிலை வாசித்து முடிப்பதற்கு முன்னரே எடுங்கள். விவரத்தை அவர்கள் எந்த நேரமும் மாற்றலாம். முகவரிப் பட்டை, திகதி, விற்பனையாளர் பெயர், '100% செப்பு', 'உள்நாட்டு இருப்பு' ஆகிய எல்லாம் தெரிய வேண்டும். கொள்வனவை உறுதிப்படுத்திய மின்னஞ்சல், கூரியர் உறையில் இருக்கும் அனுப்பிய நாட்டின் பெயர், வங்கிக் குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தையோ ஆவணத்தையோ செல்லாது என்று தள்ள முடியாது.

இப்போது இணையத்தளத்தின் பொறுப்பு. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இந்தத் தளங்களில் 'செப்பு', 'உள்நாட்டு இருப்பு' போன்ற கட்டங்களைப் பெரும்பாலும் விற்பனையாளர்களே நிரப்புகிறார்கள். கட்டத்தை நிரப்பாதவரின் பொருள் தேடலில் மறைந்துவிடும் என்பதால் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடுகிறார்கள். சரிபார்ப்பவர் இல்லை. அதன்மேல், பணம் கொடுத்த விளம்பரங்கள் நீங்கள் வைத்த நிபந்தனைகளை மீறி முதல் வரிசையில் வந்து உட்காருகின்றன. தேடலைப் பயனற்றதாக்கி, வாங்குநரைக் களைக்கச் செய்து, முன்னால் இருப்பதை எடுத்துக்கொள்ள வைக்கும் இந்தப் போக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2023 செப்டெம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 17 மாநிலங்களோடு சேர்ந்து அமேசானுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தேடல் முடிவுகளைப் பொருத்தமற்ற விளம்பரங்களால் நிரப்பித் தரத்தைக் கெடுத்தது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், பொருட்களை எந்த அடிப்படையில் முன்பின்னாக வரிசைப்படுத்துகிறோம் என்பதைத் தளங்கள் விளக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து, பணம் பெற்று முன்னால் வைத்த பொருளை அப்படியென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் வடிகட்டி பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதன் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையையும், அப்படி வழிநடத்தக்கூடிய நடத்தையையும் வர்த்தகருக்குத் தடை செய்கிறது. 31ஆம் பிரிவு, பொருள் குறிப்பிட்ட தரத்தினது, குறிப்பிட்ட வகையினது என்று பொய்யாகக் கூறுவதைத் தடை செய்கிறது. 'உள்நாட்டு இருப்பு' என்று தலைப்பிட்ட பட்டியலைத் தன் பெயரில், தன் பக்கத்தில் காட்டியது இணையத்தளம். அதைக் காட்டி விற்பனையில் வருமானம் பெறுவதும் அதுவே. ஆகவே அந்தப் பட்டியல் அதன் சொந்த நடத்தை என்பது என் வாதம். இது நம் நீதிமன்றங்களில் இன்னும் நிறைய உரசிப் பார்க்க வேண்டிய வாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையாளரை முதலாம் எதிராளியாகவும் இணையத்தளத்தை இரண்டாம் எதிராளியாகவும் குறிப்பிடுங்கள். தளத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் வலுவான பாதியை விட்டுவிடுவீர்கள்.

30ஆம், 31ஆம் பிரிவுகளின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விதிக்கப்படும் தண்டப்பணம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. உங்கள் கைக்கு வருவது 13ஆம் பிரிவின் வழியே. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றதாக விசாரணையில் தெரிந்தால், நட்டஈடு தரவோ பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ அதிகார சபை கட்டளையிடலாம். எனவே முறைப்பாட்டில் மூன்று பிரிவுகளையும் குறிப்பிட்டு, கேட்பதை 13இன் கீழ் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

'மேற்படி விற்பனையாளர் தமது பக்கத்தில் 100% செப்புச் சுருள் என்றும் உள்நாட்டு இருப்பு என்றும் விவரித்த நீர் மோட்டாரை ரூபா 46,500 செலுத்திக் கொள்வனவு செய்தேன். கிடைத்த மோட்டாரின் சுருள் அலுமினியம். அது வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்டது. இவ்விரண்டுக்குமான சான்றுகளை இணைத்துள்ளேன். செலுத்திய முழுத் தொகையையும் பரிசோதனைச் செலவையும் பெற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று, கிழக்கு மாகாணத்தின் நிர்வாக மொழி. பதிலையும் தமிழில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. தளத்தின் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தால் முக்கியமான வரிகளுக்கு மட்டும் பக்கத்தில் தமிழாக்கம் எழுதி இணைத்தால் போதும். அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் அழைப்பை எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாக நினைக்க வேண்டாம்.

அதே நாளில் உங்கள் வங்கிக்கும் போங்கள். அட்டையில் செலுத்தியது நல்லதாயிற்று. விவரிப்புக்கு மாறான பொருள் வந்ததென்று கொடுப்பனவை ஆட்சேபிக்க வீசா, மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை வலையமைப்புகளில் தனி வழி இருக்கிறது, அதற்கும் காலக்கெடு உண்டு. எழுத்தில் ஆட்சேபனை கொடுத்து, பதிவு இலக்கம் வாங்குங்கள். வங்கி அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். இரு வழியிலும் பணம் கிடைத்தால் ஒன்றை மீளக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

46,500 ரூபாவுக்காக உடனே குடியியல் வழக்குத் தொடரச் சொல்ல மாட்டேன். எந்த ஊர் நீதிமன்றம் என்ற முதல் கேள்வியிலேயே மாதங்கள் போய்விடும்.

முகநூலில் எழுதுவது பற்றி: எழுதலாம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் நட்டஈடு கேட்டு உங்கள் மேல் குடியியல் வழக்குப் போட முடியும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்யான கூற்றுகளைப் பற்றிப் பேசுகிறது. உங்களுக்குக் காப்பு, உண்மையும் அதைச் சொல்வதில் உள்ள பொதுநன்மையும். அதனால் என்ன விளம்பரம் செய்தார்கள், என்ன வந்தது, என்ன பதில் சொன்னார்கள் என்பதை மட்டும் படங்களோடு எழுதுங்கள். 'திருடர்கள்', 'மோசடிக் கும்பல்' என்ற சொற்கள் வேண்டாம். அவற்றை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். விற்பனையாளரின் கைத்தொலைபேசி இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் போடாதீர்கள். முறைப்பாடு கொடுத்து முத்திரை வாங்கிய பிறகு எழுதினால், அதன் திகதியையும் சேர்த்துக் குறிப்பிடலாம்.