மாமாவின் டப்பாவில் இருப்பது வெள்ளியா, செல்லாக்காசா?

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் மாமா, நூறு நூற்றிருபது வெளிநாட்டு நாணயங்கள் அடங்கிய ஒரு தகர டப்பாவை எனக்கு விட்டுப்போயிருக்கிறார். அமெரிக்க, பிரிட்டிஷ் நாணயங்கள்தான் அதிகம். 1780 என்று போட்ட, ஒரு பெண்மணியின் முகம் உள்ள பெரிய நாணயம் ஒன்றும் இருக்கிறது. எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. பற்பசை போட்டுத் தேய்க்கலாமா? மாதச் சேமிப்பில் பாதியை இனி வெள்ளி நாணயங்களில் போடலாம் என்றும் ஒரு யோசனை. மனைவியோ, ‘செல்லாக்காசைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்’ என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அந்தப் பற்பசையைக் கீழே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால். மேலே படிவது மெல்லிய வெள்ளி சல்பைடு படலம், அவ்வளவுதான். தேய்த்தால் அந்தப் படலத்தோடு நாணயத்தின் மேல்தோலும் போய்விடும். நானும் ஆரம்ப காலத்தில், பழைய அமெரிக்க வெள்ளி நாணயமான மார்கன் டாலர் ஒன்றைப் பளபளவென்று துலக்கி, ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். நாணயத்து முகத்தின் கன்னம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். “இனி இது எடைக்குத்தான் போகும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, டப்பாவுக்கு வருவோம். ஒரு துணியை விரித்துக் கொட்டி, ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். எது வெள்ளி என்பதைப் பெரும்பாலும் ஆண்டே சொல்லிவிடும். அமெரிக்கக் கால் டாலர், பத்து சென்ட் எல்லாம் 1964 வரை 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் செம்புக்கு மேல் செம்பு-நிக்கல் தகடு ஒட்டியவை. இரண்டையும் பக்கத்தில் வைத்து விளிம்பைப் பாருங்கள்: பழையதில் ஒரே வெள்ளை நிறம், புதியதில் நடுவே செம்புக் கோடு. அரை டாலர் மட்டும் 1970 வரை 40 சதவீத வெள்ளியோடு இழுத்துக்கொண்டு வந்தது. பிரிட்டிஷ் ஷில்லிங், ஃப்ளோரின், அரை கிரவுன் 1919 வரை 92.5 சதவீதம், 1920 முதல் 1946 வரை பாதிக்குப் பாதி, 1947 முதல் வெறும் செம்பு-நிக்கல். மன்னரின் தலை அதேதான், உள்ளே இருக்கும் உலோகம்தான் மாறிக்கொண்டே வந்தது.

இனி, டப்பா எவ்வளவு பெறும் என்பது பெருக்கல் கணக்கு. 1964 வரையிலான கால் டாலரின் எடை 6.25 கிராம். அதில் 90 சதவீதம் என்றால் 5.6 கிராம் வெள்ளி. தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அதன் அடிமட்ட மதிப்பு வந்துவிடும். அதற்கு மேல் ஒருவர் தருவது அரிதான ஆண்டுக்கும் தேயாத முகத்துக்கும்தான். வெள்ளி இல்லாத வெளிநாட்டுச் சில்லறையில் பெரும்பாலானதை எடைக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். அந்த அளவில் உங்கள் மனைவி சொல்வது சரி.

சேமிப்பில் பாதி என்ற இடத்திலும் நான் அவர் கட்சிதான். வெள்ளி வட்டி தராது. விலையும் தலைகால் தெரியாமல் ஆடும். 1980 ஜனவரியில், ஹன்ட் சகோதரர்கள் என்ற பெரும் பணக்காரர்கள் அமெரிக்காவில் வெள்ளியை வாங்கிக் குவித்த காலத்தில், அவுன்ஸ் 50 டாலரை ஒட்டிப் போனது. மார்ச் முடிவதற்குள் 11 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே வியாபாரியின் கூலி வேறு இருக்கிறது. பாதி வேண்டாம், பத்தில் ஒன்றைத் தாண்டாதீர்கள். அதையும் நாலைந்து வருடம் தொட வேண்டியிருக்காத பணத்திலிருந்து எடுங்கள்.

முதலீடு என்றே வாங்குவதானால், எளிதில் விற்கக்கூடிய ஓர் அவுன்ஸ் நாணயங்களைப் பாருங்கள்: 1986 முதல் வரும் அமெரிக்க ஈகிள், 1988 முதல் வரும் கனடாவின் மேப்பிள் லீஃப். இங்கே அவுன்ஸ் என்றால் ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம்; சாதாரண அவுன்ஸின் 28.35 கிராமோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வெல்வெட் பெட்டியும் சான்றிதழுமாக வரும் நினைவு நாணயங்களை ஆசைக்கு வாங்குங்கள், லாபத்துக்கு வேண்டாம். விற்கப் போகும்போது பெட்டிக்குக் காசு தருபவர் கிடைப்பது கடினம்.

போலிகள் ஏராளம். நகைத் தராசும் சிறு காந்தமும் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். மார்கன் டாலர் 26.73 கிராம் இருக்க வேண்டும். நான் ஏமாந்து வாங்கிய ஒன்று 24 கூடத் தாண்டவில்லை. வெள்ளியில் காந்தம் ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, செம்பிலும் ஒட்டாதே. பத்திரப்படுத்துவதற்கு மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டும் ஆகாது, அதில் கந்தகம் உண்டு.

கடைசியாக, அந்த 1780. அதில் உள்ள பெண்மணி ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவாக இருக்க வேண்டும். அவர் இறந்தது அந்த ஆண்டில்தான். அவருடைய தாலர் நாணயத்துக்குச் செங்கடல் வட்டார வணிகர்களிடம் அப்படியொரு கிராக்கி. அதனால் அதே ஆண்டைப் போட்டே பிற்காலத்திலும் பல நாணயச்சாலைகள் அடித்துக்கொண்டே இருந்தன. ஆகவே இருநூற்று நாற்பது வயது என்று துள்ள வேண்டாம். உங்கள் தாத்தா காலத்தில் அடித்ததாகவும் இருக்கலாம். எடை 28 கிராமை ஒட்டியிருந்தால் அதில் 23 கிராமுக்கு மேல் வெள்ளி உண்டு. விளிம்பைச் சுற்றி லத்தீன் எழுத்துகள் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ‘நீதியும் கருணையும்’ என்று பொருள். படித்ததும் மனைவியிடம் காட்டுங்கள்.