சென்னை – தில்லி: டிக்கெட்டில் உள்ள நேரம் எதைக் குறிக்கிறது?

கேள்வி: சென்னைக்கும் தில்லிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர், விமானமோ மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அப்படியானால் இரண்டேகால் மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும் அல்லவா? ஒரு நிறுவனம் 2 மணி 45 நிமிடம் என்றும், இன்னொன்று 3 மணி என்றும் காட்டுகின்றன. விரைவாகச் செல்வதற்கு 900 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. சென்னையில் சக்கரங்களுக்கு அடியில் செருகியிருக்கும் கட்டையை உருவி, இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கும் கணத்திலிருந்து, தில்லியில் அதே போன்ற கட்டை மறுபடி வைக்கப்படும் வரை ஆகும் மொத்த நேரம் அது. விமானத் துறையில் இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முறை வரும்வரை காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைந்திருப்பது, தில்லியில் இறங்கியபின் முனையத்தை அடைவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். தாமதம் என்ற பெயர் வரக்கூடாது என்பதற்காகச் சில நிமிடங்களைக் கூட்டிப் போடும் வழக்கமும் உண்டு. ஆகவே, அந்தக் கால் மணி நேர வித்தியாசம் பெரும்பாலும் அட்டவணையில் இருப்பதே தவிர, வானத்தில் இருப்பதன்று.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. ‘டைரக்ட்’ என்று போட்டிருந்தால் நிற்காமல் போகும் என்று பொருளில்லை. ஒரே விமான எண்ணில் ஐதராபாத்தில் இறங்கி ஏறிச் செல்லும் விமானத்தையும் அப்படிச் சொல்லலாம். ‘நான்-ஸ்டாப்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். தில்லியிலிருந்து வேறு விமானம் பிடிப்பதானால், இரண்டையும் ஒரே முன்பதிவில் எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்துவிட்டு முதல் விமானம் தாமதமானால், அடுத்த டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனதுதான். மார்கழி, தை மாதக் காலை மூடுபனியில் தில்லியில் இது அடிக்கடி நேர்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இழப்பீடும் இந்த பிளாக் டைமை வைத்தே கணக்கிடப்படுகிறது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக விதிகளின்படி, உரிய காலத்தில் தெரிவிக்காமல் நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால், பயணம் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு இது பொருந்தாது. தாமதமானால், இரண்டரை மணி வரையிலான பயணத்துக்கு இரண்டு மணி நேரத்திலேயே சிற்றுண்டி தர வேண்டும். உங்கள் தில்லிப் பயணம் அதைத் தாண்டுவதால் மூன்று மணி நேரத் தாமதத்துக்குப் பிறகே கேட்க முடியும்.