வளர்ப்பு உயிரணுக்களுக்கு விசை தருதல்: சென்னை ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தரமணி, ஆய்வு மாணவி): இரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள்மீது 1 பாஸ்கல் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு (ஓடும் திரவம் ஓரலகுப் பரப்பை உரசி இழுக்கும் விசை) விழ வேண்டும். பம்பை எந்த வேகத்தில் ஓட்டுவது, ஐயா?

பதில்: இணைத்தட்டு ஓட்ட அறையில் (இரு தட்டுகளுக்கிடையே திரவம் ஓடும் மெல்லிய இடைவெளி), ஊடகத்தின், அதாவது செல்களை வளர்க்கும் திரவத்தின், பாகியல் எண்ணை (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பின் அளவை) ஓட்ட அளவால் பெருக்கி அதன் ஆறு மடங்கை எடுத்து, அறையின் அகலத்தாலும் உயரத்தின் இருபடியாலும் வகுத்தால் தகைவு கிடைக்கும். அகலம் 10 மி.மீ., உயரம் 0.25 மி.மீ. எனக் கொண்டால், 37 டிகிரியில் நிமிடத்துக்குச் சுமார் 9 மி.லி. ஓட்டம் தேவைப்படும். உயரம் இருபடியாக வருவதால், திருகை இறுக்கும்போது ரப்பர் பட்டை நசுங்கி உயரம் 0.2 மி.மீ. ஆகிவிட்டால், நீங்கள் 1 பாஸ்கல் என்று எழுதி வைத்தது உண்மையில் 1.56 பாஸ்கல் ஆகிவிடும். ஆகவே அறையைப் பூட்டிய பிறகு உயரத்தை அளந்துகொள்ளுங்கள், அம்மா. வெப்பநிலையும் முக்கியம்: ஏசி ஓடும் அறையில் 25 டிகிரிக்குக் குளிர்ந்த ஊடகத்தின் பாகியல் எண் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிடுவதால், ஓட்ட அறையோடு குழாயையும் இன்குபேட்டருக்குள்ளேயே (37 டிகிரியில் செல் வளர்க்கும் பெட்டி) வையுங்கள்.

கேள்வி (கிண்டி, ஆய்வு மாணவர்): செல்கள் வளரும் சிலிகான் படலத்தை 10 சதவீதம் இழுக்கும்போது செல்கள் உரிந்துவிடுகின்றன. ஒப்பீட்டுக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் தட்டை வைத்திருக்கிறேன்.

பதில்: சிலிகான் நீரை விலக்குவது. பிளாஸ்மா (இரத்தப் பிளாஸ்மா அல்ல, மின்னேற்றிய வாயு) கொடுத்து, செல்கள் பற்றிக்கொள்ள உதவும் புரதங்களான கொலாஜனோ ஃபைப்ரோநெக்டினோ பூசி, செல்கள் நன்கு பரவிப் பற்றிக்கொண்ட பிறகே இழுங்கள். என்னை அதிகம் கவலைப்படுத்துவது உங்கள் ஒப்பீடுதான். பிளாஸ்டிக் சிலிகானைவிடச் சுமார் ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ விறைப்பானது. செல் அந்த விறைப்புக்கே மாறிக்கொள்ளும். எனவே அதே பூச்சுள்ள, இழுக்கப்படாத சிலிகான் படலமே சரியான ஒப்பீடு. படலம் அசையும்போது மேலுள்ள ஊடகமும் அலைந்து செல்களை உரசுவதால், இழுக்காமல் ஊடகத்தை மட்டும் அசைக்கும் இன்னொரு தட்டையும் சேர்ப்பது நல்லது. கருவியின் திரையில் தெரியும் 10 சதவீதத்தை அப்படியே நம்பாமல், படலத்தில் புள்ளிகள் இட்டு, அவற்றுக்கிடையேயான தூரம் எவ்வளவு கூடுகிறதென்று ஒளிப்படத்தில் அளந்து பாருங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை, முதுகலை மாணவி): செல்களுக்குத் தகைவு தர எங்களிடம் சுழல் ஷேக்கர் (தட்டை வட்டமாக அசைத்து ஊடகத்தைச் சுழற்றும் கருவி) மட்டுமே உள்ளது. போதுமா?

பதில்: முதற்கட்டச் சோதனைக்குப் போதும். ஆனால் தட்டின் நடுவிலும் ஓரத்திலும் தகைவின் அளவும் திசையும் வேறுபடும். ஆதலால் முழுத் தட்டையும் ஒன்றாகச் சுரண்டியெடுக்காமல், நடுப்பகுதிச் செல்களையும் ஓரச் செல்களையும் தனித்தனியே எடுத்து ஆராயுங்கள்.