பருப்பொருள் அலையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எலக்ட்ரானுக்கு அலைப்பண்பு உண்டென்றால் கிரிக்கெட் பந்துக்கும் இருக்க வேண்டுமே?

பதில்: உண்டு. 1924-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் தம் ஆய்வேட்டில் கூறியபடி, பிளாங்க் மாறிலி என்ற மிகச் சிறிய நிலையான எண்ணை உந்தத்தால் (நிறை × வேகம்) வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 160 கிராம் பந்து நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் சென்றால், அதன் அலைநீளம் அணுக்கருவின் விட்டத்தைவிடக் கோடானுகோடி மடங்கு சிறியதாகிவிடுவதால், அதன் அலைப்பண்பை வெளிக்காட்டக்கூடிய, அவ்வளவு சிறிய இடைவெளி எதுவும் இயற்கையில் இல்லை.

கேள்வி: எலக்ட்ரானில் அதைக் கண்டறிந்தது எப்படி?

பதில்: ஒரு விபத்தின் துணையால் என்றே சொல்வேன். 1925-இல், நிக்கல் மீது எலக்ட்ரான்களைச் செலுத்தி அவை சிதறுவதை ஆராய்ந்துவந்த அமெரிக்க இயற்பியலாளர் டேவிசனின் ஆய்வுக்கூடத்தில் திரவக் காற்றுக் குடுவை வெடித்து, வெற்றிடக் குழாய் உடைந்து, உள்ளிருந்த நிக்கல் தகடு ஆக்சைடு படிந்து கெட்டது. அதைத் தூய்மைப்படுத்த நெடுநேரம் சூடேற்றியபோது, நுண்படிகங்கள் ஒன்றுகூடிச் சில பெரிய படிகங்களாயின. அதன் பிறகு எலக்ட்ரான்கள் சிதறிய விதமே மாறிவிட்டது. 1927-இல் அவரும் உடன் ஆய்வாளர் ஜெர்மரும் ஒற்றைப் படிக நிக்கலின் மீது 54 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களைச் செலுத்தி, அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவது போல, 50 டிகிரி கோணத்தில் உச்சச் செறிவைக் கண்டனர். அதிலிருந்து கிடைத்த அலைநீளம் 0.165 நானோமீட்டர், டி பிராய் சமன்பாடு தருவது 0.167.

கேள்வி: அப்படியானால் இந்தக் கொள்கையை வைத்துத்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினார்களா?

பதில்: பாடநூல் வரிசை அப்படி எண்ண வைக்கிறது, ஆனால் வரலாறு வேறு. காந்தச் சுருள் எலக்ட்ரான்களை லென்சு போலக் குவிக்கும் என்று 1926-இல் இயற்பியலாளர் புஷ் காட்டியதே, நுண்ணோக்கியை உருவாக்கிய ரஸ்காவுக்கும் நோலுக்கும் அடிப்படை. 1931-இல் பெர்லினில் முதல் கருவியை அமைத்தபோது, எலக்ட்ரானைத் துகளாகவே கருதினர். பின்னர் அதற்கும் அலைநீளம் உண்டு என்று அறிந்த ரஸ்கா, ஒளியைப் போலவே இங்கும், எவ்வளவு நுண்ணியதைக் காணலாம் என்பதற்கு அலைநீளத்தால் ஓர் எல்லை வந்துவிட்டதே என்று முதலில் ஏமாற்றமடைந்தார். கணக்கிட்டுப் பார்த்து, அது ஒளியலையைவிட ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு குறுகியது என்று தெரிந்ததும் தேறினார்.

கேள்வி: 1 லட்சம் வோல்ட்டில் அலைநீளம் 0.0037 நானோமீட்டர்தானே? அணுவின் உட்புறமே தெரிய வேண்டாமா?

பதில்: தடை அலைநீளத்தில் இல்லை, லென்சில் இருக்கிறது. வட்டச் சமச்சீர் கொண்ட நிலையான காந்த லென்சில் கோளப் பிறழ்ச்சியை, அதாவது ஓரக் கதிர்களும் மையக் கதிர்களும் ஒரே புள்ளியில் குவியாத குறையை, தவிர்க்கவே முடியாது என்று 1936-இல் இயற்பியலாளர் ஷெர்ட்சர் நிறுவினார். ஓரக் கதிர்களைத் தடுக்கத் லென்சின் துளையைச் சுருக்கினால், துளையின் விளிம்பில் அலைகள் வளைந்து பரவும் விளிம்பு விளைவு பெருகிப் படத்தை மங்கச் செய்கிறது. 1990-களின் பிற்பகுதியில் பன்முனைக் காந்தங்களைக் கொண்ட திருத்திகள் வந்த பின்னரே பிரிதிறன் (தனித்தனியே பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய இடைவெளி) 0.05 நானோமீட்டர் அளவை நெருங்கியது. அதுவும் அலைநீளத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

கேள்வி: உயிருள்ள செல்லைப் பார்க்கலாமா?

பதில்: வழக்கமான கருவியில் இயலாது. வெற்றிடத்தில் நீர் ஆவியாகிவிடும். கற்றையும் செல்லைச் சிதைக்கும். மாதிரியைத் திரவ ஈத்தேனில் நொடிப்பொழுதில் உறையவைத்தால், நீர் படிகமாகாமல் கண்ணாடி போல் இறுகி, புரத மூலக்கூறுகளின் வடிவத்தைக் காக்கிறது. 2017-இன் வேதியியல் நொபெல் பரிசு இந்த உறைநிலை நுண்ணோக்கியியலுக்குத்தான் வழங்கப்பட்டது.